எந்தக் கையை ஊன்றி எழுவாள்?

முப்பது வருடம் ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவன் முகத்தை நம்பாதீர்கள். என் முகத்தையும்தான். போடிநாயக்கனூர் ஏல மையத்தில் சாம்பிள் தட்டு முன்னால் வரும். காயை உடைத்து, உள்ளே அரிசி என்று நாங்கள் சொல்லும் விதையைக் கடித்துப் பார்ப்போம். ‘இந்தச் சரக்கை விடவே கூடாது’ என்று மனம் துள்ளினாலும் முகம் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்க வேண்டும். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். அந்தப் பழக்கத்தை நான் வீட்டு வேலைக்கும் கொண்டுவந்தேன்.

மாசி மாதம் என் மனைவி கொல்லைப்படியில் விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கழிப்பறைக்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டும். மதுரையில் ஆபரேஷன் முடிந்து அங்கேயே மகள் வீட்டில் தங்கினாள். வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் ஊருக்குக் கூப்பிட்டேன்.

“யாரும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம, நானா பாத்ரூம் போய்ட்டு வர்ற மாதிரி இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்” என்றாள். பெற்ற மகளே ஆனாலும், பிடித்து உட்காரவைக்கும்போது உடம்பு கூசுகிறது என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

எங்கள் படுக்கையறையை ஒட்டி ஏலக்காய் மூட்டை போடும் அறை ஒன்று உண்டு. அதைக் கழிப்பறையோடு குளியலறை ஆக்க, பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து கொத்து மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். டேப்பை நீட்டி அளந்துகொண்டே கேட்டார்.

“யாருக்குண்ணே இது?”

“சும்மாதான கெடக்கு இந்த ரூமு. வர்ற போற ஆளுகளுக்கு ஆகும்.”

“எப்ப வேணும்?”

“அவசரமெல்லாம் இல்லப்பா. வழக்கமாப் போடுற மாதிரிப் போட்டுக் குடு.”

அவசரம் என்று தெரிந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

நான்கு நாள் வேலை நடந்தது. தரையை உடைத்தார், குழாய் பதித்தார், அறை வாசலில் செங்கல் வைத்துப் படி கட்டினார். ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். போனும் எடுக்கவில்லை. வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி, சாப்பாட்டிலும் அதுதான். மனைவி தினமும் போனில் “முடிஞ்சிருச்சா?” என்பாள். “முடியுது, முடியுது” என்பேன். ஒரு வாரம் கழித்து, மேஸ்திரி மலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்கிறார் என்று டீக்கடையில் தெரிந்தது. உடனே ஜீப் பிடித்தேன். போடிமெட்டு ஏறும்வரை ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசவை யோசித்து வைத்தேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“எறங்குய்யா கீழே! என் வீட்டை ஒடச்சுப் போட்டுட்டு இங்க வந்து ஒக்காந்திருக்க?”

இறங்கி வந்தார். கோபப்படவில்லை.

“அண்ணே, அவசரமில்லன்னு நீங்கதான சொன்னீக? மழைக்கு முன்னாடி இதை மூடலைன்னா பத்துக் குடும்பம் நனையும். அவசரமில்லாத சோலியத்தான தள்ளிவைக்க முடியும்? போன் எடுக்காதது என் தப்புதான். இங்க டவர் கிடைக்கல.”

யோசித்து வைத்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விழுந்தது, ஆபரேஷன், அவள் அழுதது வரைக்கும். நான்கு பேர் நின்று பார்ப்பதையும் பொருட்படுத்தவில்லை.

“வைத்தியர்ட்டயும் வக்கீல்ட்டயும் மறைக்கக் கூடாதும்பாக. கொத்தனாரையும் சேத்துக்கங்கண்ணே” என்றார். பிறகு கேட்டார்: “மதினி எந்தக் கைய ஊண்டி எந்திரிக்கிறாக?”

எனக்குத் தெரியவில்லை.

காலை எவ்வளவு உயரம் தூக்க முடியும் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை மதுரைக்குப் போய், சாத்துக்குடியைக் கொடுத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, போனில் ஏலக்காய் விலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். காயைத் தொட்டே தரம் சொல்லுகிறவனுக்கு வீட்டுக்காரி எழுந்து நிற்பது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அவளிடம் கேட்டேன்.

“இடது கை. விழுந்ததுல இருந்து வலது தோளும் வலிக்குது. யார்ட்டயும் சொல்லல. யாரும் கேக்கல.”

மறுநாள் மட்டும் லயத்தில் வேலை பார்த்துக் கூரையை மூடிவிட்டு, அதற்கடுத்த நாள் காலையில் மேஸ்திரி வந்துவிட்டார். முதல் வேலையாக, வாசலில் தானே கட்டிய நான்கு அங்குலப் படியை இடித்தார்.

“வழக்கமாப் போடச் சொன்னீக, போட்டேன். வழக்கம்ங்கிறது நல்ல காலு உள்ளவுகளுக்குண்ணே.”

கழிப்பறைக் கோப்பை வைக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சுவரைத் தடவித் தடவி எழுந்தார். கை போய் நின்ற இடத்தில் கோடு போட்டார். என்னையும் அப்படியே எழச் சொன்னார். மூன்று தடவை எழுந்து பார்த்தேன்; என் கையும் அங்கேதான் போய் நின்றது. கைப்பிடிக் கம்பியை அந்தக் கோட்டில்தான் பதித்தார்.

வேலை முடிந்தபின் மனைவி மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் நேராக அங்கேதான் போனாள். விழுந்துவிடுவாளோ என்று கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனேன். வாக்கர் எங்கும் முட்டவில்லை.

“நீங்க எங்க வர்றீக?” என்று கதவைச் சாத்தினாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதவில் காதை வைத்தேன். கதவு திறந்தது. முகம் கழுவி, தலையைக்கூடச் சரி செய்துகொண்டு தானாக வெளியே வந்தாள்.

“எந்தக் கைன்னு அன்னைக்குக் கேட்டீகளே, அப்பவே மனசு நெறஞ்சுபோச்சு” என்றாள்.

பேசாமல் அந்த நல்ல பெயரை வாங்கிக்கொண்டிருக்கலாம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாதா?

“கேட்டது நானில்ல. மேஸ்திரி கேக்கச் சொன்னாரு” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வலது தோளு இன்னும் வலிக்குதா?”

“வலிக்குது” என்றாள்.