மலையில் பனி விழுந்த மறுநாள்

டெல்லியில் பனி கொட்டுவதில்லை. ஆனால் இமாச்சலத்து மலைகளில் முதல் பனி விழுந்துவிட்டால், அடுத்த நாள் காலையே எங்கள் லோதி ரோடு பூங்காவில் அது தெரிந்துவிடும். இதை நானே கண்டுபிடித்த மாதிரி இருபது வருடமாக அலட்டிக்கொண்டு வருகிறேன். காலை நடை முடிந்து வந்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. 'மழை நின்றும் தரை சொதசொதவென்று கிடக்கிறது, ஷூ புதைகிறது.' 'ஏழிலைப்பாலை பூத்துவிட்டது, வாசனையில் தலை வலிக்கிறது.' 'காற்று வடமேற்குக்கு மாறியாயிற்று, புல் நனைந்திருக்கிறது.' கூட நடக்கும் நாலைந்து தமிழர்களும் பஞ்சுப் போர்வையை எப்போது வெளியே எடுக்கலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை தாங்காது.

போன வருடம் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்து பிளாக்கில் குடியேறி, எங்களோடு நடக்கவும் ஆரம்பித்தார். "சின்ன வயசுலேருந்தே எனக்கு வீசிங் உண்டு சார்" என்று முதல் நாளே சொன்னார். நான் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம், வழக்கத்துக்கு முன்பே மலையில் பனி விழுந்ததாகச் செய்தி வந்தது. அன்று மாலை நோட்டில் எழுதினேன்: 'நாளை குளிர் இறங்கும். ஜாக்கிரதை.' மறுநாள் சட்டைக்குள்ளே கம்பளி பனியன் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பழைய டெல்லிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், உள்ளே போட்டுக்கொண்டு வெளியே விறைப்பாக நடப்போம். தூத்துக்குடிக்காரருக்கு அந்தச் சூது தெரியாது. காது, வாய் எல்லாம் மூடி, குரங்குக் குல்லாவோடு வந்து நின்றார்.

"என்னய்யா இது, இப்பவே குல்லாவா? அப்ப ஜனவரியில என்ன பண்ணுவீங்க, வீட்டையே போர்த்திக்கிட்டு வருவீங்களா? கழட்டுங்க. உடம்பு பழகணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குல்லாவைக் கழற்றிப் பையில் திணித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. உண்மை அவ்வளவுதான்.

ஐந்து நாள் வெறுந்தலையோடு, புகைமூட்டத்தில் எங்களுக்கு ஈடுகொடுத்து நடந்தார். இரண்டாம் நாளே இருமினார். அது என் காதில் விழுந்தது; குல்லாவைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆறாம் நாள் அவர் வரவில்லை. மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

அவர் வீடு திரும்பிய பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"குல்லாவப் போட்டுட்டுப் போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. உடம்பு பழகணும்னு நீங்க சொன்னியளாம். இந்த ஊர்க் குளிரு சாருக்குத் தெரியாததான்னு எங்கிட்டயே சண்டைக்கு வாராக" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீங்க அவுக நல்லதுக்குத்தான சொல்லியிருப்பிய?"

நான் பதில் சொல்வதற்குள், தலையணையில் சாய்ந்திருந்தவரே எனக்காகத் தலையாட்டினார்.

"ஆமாம்மா" என்றேன். "நல்லதுக்குத்தான் சொன்னேன்."