பாம்புக்கு உண்ணி பார்த்த கதை

பேன் பார்ப்பதில் என்னை வெல்ல ஒஸ்லோவில் ஆளில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் பேன் பரவுகிறது என்று கடிதம் வந்தால், அன்றைக்கே அவளைப் பிடித்து இருத்தி, ஈர்கூட மிஞ்சாமல் எடுத்துவிடுவேன். அவள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற பாம்புக்கு உண்ணி பிடித்ததைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

விஷமில்லாத செம்மஞ்சள் பாம்பு. மூன்று நாளாகத் தண்ணீர்ச் சட்டியை விட்டு எழும்பவில்லை. வெக்கையாக்கும் என்றார் என் கணவர். நவம்பர் மாதத்தில் என்ன வெக்கை? சட்டியின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தன. ஈரமான வெள்ளைத் தாளால் பாம்பைத் துடைத்தேன். தாளில் புள்ளிகள் நடக்கத் தொடங்கின. கண்ணோரத்திலும் தாடைக்குக் கீழும் இன்னும் ஒட்டியிருந்தன, இரத்தம் குடிக்கிற சனியன்கள்.

எனக்குப் பாம்பில் பெரிய பாசம் என்று நினைக்க வேண்டாம். அது வீட்டில் இருக்கிறபடியால்தான் மகள் நாள் தவறாமல் போன் எடுத்தாள். சாப்பிட்டதா, தோல் கழற்றியதா என்று கேட்டு, பிறகுதான் என்னைச் சுகம் கேட்பாள். கரைச்சல் என்றால் சிநேகிதியிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தாள். பாம்பு போனால் அந்தப் போனும் போய்விடும். விடுவேனா?

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். கடிக்கிற நுளம்பே நிற்காத புகையில் உண்ணி நிற்குமா என்று, சாம்பிராணித் தட்டைப் பாம்பின் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைக் கொஞ்சம் நீக்கி, சீலையால் போர்த்தினேன். சிறிது நேரத்தில் எட்டிப் பார்த்தால், பாம்பு தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறது. உண்ணி ஒன்றுகூடச் சாகவில்லை. பாம்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு நானும் கணவரும் மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

என்ன செய்தீர்கள் என்று வைத்தியப் பெண் கேட்டாள். வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொன்னேன். பாம்பின் நுரையீரலுக்குப் புகை ஆகாது, நல்லவேளை உடனே கொண்டுவந்தீர்கள் என்றாள். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். தொட்டியில் போட்ட மரத்தூளையும் கட்டையையும் எறிந்துவிட்டு, சுடுதண்ணீரில் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, வெறும் வெள்ளைத் தாள் விரிக்க வேண்டும். பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டெடுத்து, அவள் தந்த மருந்தை அவள் சொன்ன அளவில்தான் தெளிக்க வேண்டும். உண்ணியின் முட்டைகள் பிறகு பொரிக்கும் என்பதால் கிழமைக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஈரைப் பற்றி எனக்கே பாடமா? ஒரு நாள் பிசகாமல் செய்தேன். தாளில் புள்ளி குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. உண்ணி பிடித்ததை மகளிடம் சொன்னேன். புகையைப் பற்றி மூச்சே விடவில்லை.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவள் காற்றுத் துளை போட்ட ஒரு பெட்டியோடு வந்தாள். எனக்குக் கரைச்சலாம், பாம்பைக் கொண்டுபோகப் போகிறாளாம். பாம்பின் கண்ணோரம், தாடை, வயிறு எல்லாம் துடைத்து உண்ணி தேடினாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"உங்களாலைதான் அம்மா இது தப்பினது."

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"என்னாலைதான் சாகவும் பாத்தது. உண்ணி போகட்டும் எண்டு சாம்பிராணி போட்டனான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. போனும் சரி, பாம்பும் சரி, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். திரும்பத் துரொண்ட்ஹெய்முக்கு வெளிக்கிடும்போது பெட்டியைத் தூக்கினாள். அது வெறுமையாக இருந்தது.

"இனி வெள்ளிக்கிழமையிலை புகை போட முதல் எனக்குப் போன் எடுக்கோணும், விளங்குதோ?"

ஓம் என்றேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் எடுக்கிறேன், பல்கனிப் பனியில் சாம்பிராணித் தட்டோடு நின்றுகொண்டு. மற்ற ஆறு நாளும் அவள் எடுக்கிறாள்.