சிங்கப்பூர் ரயிலில் பறந்த கர்சீப்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் நண்பர்களே... சிங்கப்பூர் ரயிலில் கர்சீப் போட்டு சீட் பிடிக்கப் பார்த்தவன் நான்.

கதவு திறந்ததும் முகத்தில் அடித்த அந்த ஏசி காற்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. லேசாக சோப்பு வாசனை. அவ்வளவு ஜனம் இருந்தும் சத்தமே இல்லை... திருவொற்றியூர்க்காரனுக்கு அதுவே பயமாக இருந்தது.

கப்பல் ரிப்பேர் யார்டில் வெல்டர் வேலை. போய் ஒரு வாரம்தான். முதல் ஞாயிறு லீவு. கூட வந்தவன் எர்ணாவூர் செல்வம், அங்கே மூன்று வருஷ சீனியர். பிளாட்பாரத்திலேயே பாடம் எடுத்தான்.

"மாமு, உள்ள துன்னக்கூடாது. தண்ணிகூட குடிக்கக்கூடாது. கத்தி பேசாத. எறங்கறவங்க எறங்கனப்புறம் ஏறு. உம்மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, சூப்ரவைசர் ஊருக்கே பிளைட் ஏத்திடுவாரு."

"நான் இன்னா கொயந்தையா?" என்றேன்.

கதவு திறந்தது. உள்ளே ஒரே ஒரு சீட் காலி.

எங்கள் ஊர் டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் ஜன்னல் வழியாக கர்சீப் போட்டே வளர்ந்த கை... என்னைக் கேட்கவில்லை. இறங்குகிறவர்கள் தலைக்கு மேலே பறந்த கர்சீப், காலி சீட்டைத் தாண்டி, பக்கத்தில் இருந்த வயதான சீன அம்மா மடியில் போய் விழுந்தது.

ரயில் கிளம்பியது. செல்வம் நாலு அடி தள்ளிப் போய், நான் யாரென்றே தெரியாத மாதிரி சுவரில் இருந்த மேப்பைப் படிக்க ஆரம்பித்தான்.

அடுத்த ஸ்டேஷனில் யூனிபார்ம் போட்ட ஒருவர் ஏறினார். அந்த அம்மா அவரிடம் கர்சீப்பைக் கொடுத்து, ஏதோ சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார்.

வேலை போவதுகூடப் பெரிதில்லை. துபாயிலிருந்து ஒரே மாதத்தில் திரும்பி வந்த எங்கள் தெரு பாஸ்கருக்கு 'ரிட்டர்ன் டிக்கெட்' என்று பேர் வைத்ததே நான்தான். நான் ஒரே வாரத்தில் போய் நின்றால்... பாஸ்கர் ஒருத்தன் போதும், ஆயுசுக்கும் என்னை ஓட்ட.

அவர் கிட்டே வந்தார். கர்சீப்பை மடித்து நீட்டினார். தமிழ் ஆள்.

"அண்ணே, கை தவறி விழுந்துருச்சாம். உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

அப்புறம்தான் மூச்சே வந்தது. தெரிந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் அந்த அம்மாவிடம் கொட்டினேன்... "சாரி, தேங்க்யூ, வெல்கம்." அவர் சிரித்து, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார். நான் உட்காரவில்லை. கடைசிவரை நின்றுகொண்டே போனேன்.

இறங்கிய பிறகுதான் செல்வம் வாயைத் திறந்தான். "தப்ச்ச நைனா. பார்சல் ஆயிருப்ப."

பதினோரு வருஷம் அந்த ரயிலில் போனேன். கதவோரம் ஒதுங்குவேன், போனில் மெதுவாகப் பேசுவேன். ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது.

இப்போது நம்ம டோல்கேட்டுக்கே மெட்ரோ வந்துவிட்டது. அன்றைக்கு பஸ் படியில் தொங்கிய அதே இடம்... இன்றைக்கு அதே ஏசி காற்று.

போன வாரம் வீட்டுக்காரியோடு அங்கே நின்றேன். முகம் துடைக்க என் கர்சீப்பை வாங்கி வைத்திருந்தாள். ரயில் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று ஒதுங்கினேன். இறங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் ஏறட்டும் என்று ஒதுங்கினேன். ஏறினார்கள். கதவு மூடியது.

போன் வந்தது.

"எங்க கீற? சீட் புட்ச்சி வெச்சிகினு கீறேன்."

ரயிலுக்குள் அவள். பக்கத்து சீட்டில் என் கர்சீப்.