சிமெண்ட் ரூமில் பத்திரமாக

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதனால் மைசூரில் பேங்க், ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் எங்கே போனாலும் நான்தான் முன்னால் நடப்பேன். அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்றபோது அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னதும் நான் மட்டுமே.

மாத்திரையில் அவன் காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் கட்டிலை விட்டு எழவில்லை. சோறு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இது மனச்சோர்வு என்று எனக்குப் பட்டது. டாக்டரம்மா அதைக் கவனிக்காமல் பழைய மாத்திரையையே கூட்டிவிட்டால், அண்ணன் ஒரேயடியாகப் படுத்துவிடுவான். அதுதான் என் பயம்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னடத்தில் அண்ணனைக் கேட்டார். அம்மா கொள்ளேகால் தமிழில் பதில் சொன்னாள். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

“தூக்கம் வருதா?”

“எருமையாட்டம் தூங்கறானுங்க.”

“யார்கூடவாவது பேசப் பிடிக்குதா?”

“அவன் குணமே அப்படிங்க. உம்மணாமூஞ்சி. அவங்கப்பன் வழி. குணத்துக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தா எழுதுங்க. ரெண்டு பேருக்கா எழுதுங்க, அந்த மனுசனும் போட்டுக்கட்டும்.”

“சின்ன வயசுல ஏதாவது கஷ்டம்? அடி, பயம்?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒண்ணுமே இல்லீங்க. ராசாவாட்டம் வளத்தோம். கட்டட வேலை செய்யற எடத்துல மத்த புள்ளைங்கெல்லாம் தொட்டியில உழுந்துச்சு, கம்பியில உழுந்துச்சு. இவனுக்கு ஒரு கீறல் இல்ல. காலையில மூட்டை அடுக்கற சிமெண்ட் ரூம்ல உட்டு வெளிய பூட்டிருவோம். பொழுது சாயற வரைக்கும் பத்திரமா இருப்பான்.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். “சன்னல்கூட கெடையாதுங்க. எட்டிப் பாத்து உழுந்துருவான்ங்கற பயமே இல்ல.”

நான் அந்த ரூமைப் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது அப்பா மேஸ்திரியாகியிருந்தார், அம்மா வேலையை விட்டிருந்தாள்.

“இருட்டா இருக்கும்மா,” என்றான் அண்ணன். பல நாட்களுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டோம்.

“கதவத் தட்டியிருக்கலாமில்ல, சாமி?”

“தட்டுனேன். கலவை போடற மிக்சர் ஓடிட்டிருந்துச்சு.”

“ஆமாங்க, அது ரொம்ப சத்தங்க,” என்று அம்மா டாக்டரம்மாவிடம் சாட்சி சொன்னாள். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

“இப்பவும் அப்படித்தான் இருக்கா?” டாக்டரம்மா அவனிடம் குனிந்து கேட்டார்.

“இப்ப தட்டறதில்லீங்க, மேடம்.”

“செத்துப் போகலாம்னு தோணுதா?”

“தோணுமுங்க.”

டாக்டரம்மா பழைய மாத்திரையைக் கூட்டவில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக ஒன்று எழுதினார். வாராவாரம் அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். அவன் தேறும்வரை ஒற்றையாக விடாதீர்கள், ஆனால் பூட்டவும் பூட்டாதீர்கள் என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுக்கு மருந்து இருக்குதுங்களா? அப்பறம் ஏனுங்க இத்தன நாளா குடுக்கல?”

“யாரும் சொல்லலையேம்மா.”

“நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மா சொல்லி முடிச்சிருதுங்க, மேடம்,” என்றான் அண்ணன்.