மஞ்சள் கொழுந்து, பச்சை நரம்பு

நர்சரியில் வேலை செய்கிறவளிடம் யாரும் நல்ல இலையைக் கொண்டுவந்து காட்டுவதில்லை.

உலு திராமில் பெரிய ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு நர்சரியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூர் பேக்டரியில் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேலை. இப்போது இலைகளைப் பார்க்கிறேன். சம்பளம் குறைவு, ஆனால் பாலத்து ஜாம் இல்லை. வீட்டில் நாலு தொட்டியை வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் இன்னொரு இலை வெளுத்திருப்பதைப் பார்த்துக் கடைக்கு ஓடிவருகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் பழைய இலை மஞ்சளானால் அது வேறு குறை. நுனியில் புதிதாக வரும் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் வலை பின்னியது போலப் பச்சையாகத் தெரிந்தால், பெரும்பாலும் செடிக்கு இரும்புச் சத்து எட்டவில்லை. இதற்காக நாங்கள் ஒரு தூள் விற்கிறோம். இளம்பச்சையாக, கல்லுப்பைப் பொடித்த மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றலாம், இலையில் தெளிக்கலாம். பாக்கெட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

பத்திரமாக வந்த இலைகள்

ஒரு மத்தியானம் பேக்டரி யூனிபார்மோடு ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கைப்பேசியில் தன் எலுமிச்சைச் செடியின் படத்தைக் காட்டினார். செடி மஞ்சள், தொட்டி மஞ்சள், பின்னால் சுவரும் மஞ்சள். போர்ட்டிகோ விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். "படத்த வச்சு ஒன்னும் சொல்ல முடியாது தம்பி. இலையக் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு டப்பா ஒன்றோடு வந்தார். உள்ளே ஈர டிஷ்யூ விரித்து ஏழு இலைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். ஏழும் கிழடு. காய்ந்து தானாகவே விழுந்தவை. அந்த வயதில் எந்த இலையும் மஞ்சளாகத்தான் செய்யும். நுனிக் கொழுந்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேனே என்றேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்கிறதக் கிள்ளுனா அதுக்கு வலிக்கும்னு விட்டுட்டேன்கா."

ஆணி வைத்தியம்

பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்குக் கறிவேப்பிலைதான் உயிர். அது வெளுக்க ஆரம்பித்ததும் யாரோ இரும்பு போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்களிடம் வரவில்லை, ஹார்ட்வேர் கடைக்குப் போனார். அரைக் கிலோ ஆணி வாங்கி, தொட்டியைச் சுற்றிலும் ஒவ்வொன்றாகச் சொருகிவிட்டார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனைவியோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மண்ணைக் கிளறினேன். சமையலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய சிமெண்டுத் தூளும் கல்லும் பாதிக்கு மேல் இருந்தன. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. துருப்பிடித்த ஆணி துருவாகவே கிடக்கும். நல்ல மண்ணுக்கு மாற்றி, பிறகு கொஞ்சம் தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். அவர் ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். மனைவி, கட்டுப் போட்ட ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "இலை பறிக்கப் போயி கிளினிக்ல ஊசி போட்டுட்டு வந்தேன். செடிக்கு ஏறலம்மா, எனக்குத்தான் ஏறுச்சு."

வெள்ளை டைல்ஸ்

இது என் தப்பு. ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டு முன்னால் வரிசையாக இட்லிப்பூச் செடிகள், அத்தனையும் வெளுத்துப்போய் நின்றன. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். தூளைக் கொடுத்து, எவ்வளவு தண்ணீர், எந்த நேரம் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கரைத்த தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், தரையில் பட்டுக் காய்ந்தால் துருக்கறையாகிவிடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. போர்ட்டிகோ முழுக்க வெள்ளை டைல்ஸாம். போன வருஷம்தான் போட்டார்களாம். அவர் கத்தவில்லை. "நீங்களே வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, காக் ரோஹானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போவதற்குள் ஆசிரியர் வீட்டிலிருந்த பிளீச்சை ஊற்றித் தேய்த்திருந்தார். துருவுக்கு பிளீச் ஊற்றினால் கறை இன்னும் இறுகும். இளஞ்சிவப்பாக இருந்தது செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. துரு எடுக்கும் மருந்தை வாங்கிவந்து, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் மண்டியிட்டுத் தேய்த்தோம். மணப்பெண் இரண்டு முறை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நடுப்பகுதி வெளுத்தது. செடிகளை ஒட்டி ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு அப்படியே நின்றுவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனதும், நடுவில் பெரிய கோலமாகப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியரே கடைக்கு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் எனக்குச் சொல்லிக் காட்டினார்: "கோலத்துக்குக் காவியெல்லாம் அடிச்சிருக்கீங்களே, இப்பல்லாம் யாரு இவ்வளவு பாத்துச் செய்யுறா சம்பந்தி?"

கீரைத் தண்ணீர்

முருங்கைக் கீரை அவித்த தண்ணீரை ஆறவைத்து தினமும் ரோஜாவுக்கு ஊற்றுவதாக ஒரு அம்மா சொன்னார். கீரையில் இரும்பு இருக்கிறது, பிறகு ஏன் ரோஜா பச்சையாகவில்லை என்பது அவருடைய கேள்வி. நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். காக் ரோஹானாவுக்கு யோசிக்கும் பழக்கம் கிடையாது. மலாயில் சொன்னார்: "அலமாக், அத நீங்க குடிங்க, செடிக்கு நான் தூள் தர்றேன்."

தொட்டிக்குள் சிவப்பு

ஒரு சனிக்கிழமை மாமியாரும் மருமகளுமாக வந்தார்கள். மருமகளுக்கு ஐந்தாவது மாதம். மாமியார் கையில் செம்பருத்தித் தொட்டி. "கொழுந்தெல்லாம் வெளுத்துப் போச்சும்மா. வேர எடுத்துப் பாத்து சொல்லு" என்றார். வேரைப் பார்க்கச் சொல்கிற வாடிக்கையாளர் அபூர்வம். நான் தொட்டியைச் சாய்த்து மண்ணைத் தட்டினேன்.

மண்ணுக்குள்ளிருந்து சிவப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் விழுந்தன. சில பாதி கரைந்து கருத்திருந்தன. மேலே கிடந்த நாலைந்து புத்தம் புதிதாக இருந்தன. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை. என் மகளைச் சுமந்தபோது நானும் விழுங்கியதுதான். நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள். "என்னம்மா அது சிவப்பா?" என்று மாமியார் கேட்டார். "மெதுவாக் கரையிற உரம் ஆண்ட்டி, போன தடவ நாங்க போட்டுக் குடுத்தது" என்றேன். ஒன்பது வருஷத்தில் அவர்களை நான் பார்ப்பதே அதுதான் முதல் முறை. மாமியார் தலையாட்டிவிட்டு ஆர்க்கிட் பக்கம் நகர்ந்து போனார்.

"சாப்பிட்டா ஒமட்டுதுக்கா. வேலைக்குப் போற பஸ்லயே ரெண்டு தடவ வாந்தி. சொன்னா திட்டுவாங்க" என்றாள் அந்தப் பெண். நான் டாக்டர் இல்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை என்று நர்ஸிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், வேறு மாத்திரை தருவார்கள். சொல்லாமல் இருந்தால், ரத்தம் ஏன் ஏறவில்லை என்று அவர்கள் வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். "போன செக்அப்ல கம்மின்னுதான் சொன்னாங்க" என்றாள். சொல்லும்போது கை தானாக வயிற்றுக்குப் போனது. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொன்னாள். மாத்திரைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். செடியைப் புதிய மண்ணில் வைத்துக் கொடுத்தேன்.

அவள் தொட்டியோடு காரில் போய் உட்கார்ந்த பிறகு மாமியார் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுல மண்ணு கெளறயிலயே நான் பாத்துட்டேன்மா, ரெண்டு வாரமாச்சு. நான் சொன்னா சண்டையாயிரும், அதான் தொட்டியத் தூக்கிட்டு ஒங்கிட்ட கூட்டியாந்தேன்."

மல்லிகைக்கு ஊற்றிய தண்ணீர்

பண்டார் தெங்காராவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டும் ஒருவர், ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மல்லிகைத் தொட்டியோடு வந்தார். பள்ளி விடுமுறை, கடையில் நல்ல கூட்டம். மஞ்சள் கொழுந்து, பச்சை நரம்பு. தூரத்திலிருந்தே இரும்புக் குறை என்று சொல்லித் தூளைக் கொடுத்து அனுப்பினேன். மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அதே தொட்டியில் காய்ந்த குச்சியோடு திரும்பி வந்தார்.

இந்த முறை வேரைப் பார்த்தேன். அழுகி நாறியது. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் கொழுந்து இதே மாதிரிதான் வெளுக்கும். மண்ணில் இருக்கும் இரும்பை அழுகிய வேர் எப்படி எடுக்கும்? நான் விற்ற தூளையும் அது எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறதாம். இடது கை மட்டும்தான் வேலை செய்கிறது. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் மல்லிகைக்கு ஊற்றுவதுதான் அவர் தானாகச் செய்கிற ஒரே வேலை. முதலில் ஒரு தடவை ஊற்றினார், அப்புறம் மூன்று, இப்போது ஆறேழு தடவை. கை பழகுகிறது என்று தெரப்பி சொல்லிக்கொடுக்கிற பெண்ணும் பாராட்டியிருக்கிறாள். வேறு மல்லிகை சும்மா தருகிறேன், தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் காய்ந்த செடியைத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டிகளின் வரிசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்: "ஊத்தாதன்னு அவகிட்ட என்னால சொல்ல முடியாதும்மா, எவ்ளோ ஊத்துனாலும் சாகாத செடியா ஒன்னு குடுங்க."

அவருக்கு ஒரு அல்லியைத் தண்ணீர்த் தொட்டியோடு கொடுத்து அனுப்பினேன்; எனக்குச் சம்பளம் கொடுப்பது இரும்புத் தூள் விற்கத்தான் என்றாலும், இரும்பு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது வேறெதுவோ என்பது எங்கள் முதலாளிக்கு இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் இருப்பதே நல்லது.