மிஷினை நிறுத்தச் சொன்ன முனிரத்தினம்

செய்தி வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மர மில்லில் போன் அடித்தால் யாருக்கும் கேட்காது. முதலாளி நேராக வந்து என் எதிரில் நின்று கையை உயர்த்தினார். மாங்கட்டை பாதி அறுந்த நிலையில் நிறுத்தினேன். முனிரத்தினம் அண்ணனின் மகள் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "நைனா போயிட்டாருன்னு மாமாகிட்ட சொல்லிடுங்க" என்றாளாம். அப்பாவை நைனா என்றும் என்னை மாமா என்றும்தான் அவள் கூப்பிடுவாள். சக்கரங்கள் ஓய்ந்து நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன். இன்றுவரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

புத்தூர், நகரி பக்கத்து மில்களில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் பயந்தாங்கொள்ளி என்பதும் தெரியும். எங்கள் மில்லில் பிளேடு அவர் பொறுப்பு. பல் தீட்டுவது, எந்த மரத்துக்கு எந்த பிளேடு என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். மிஷின் முன்னால் நிற்பது என் வேலை. உள்ளங்கையைவிட அகலமான பிளேடு, மேலும் கீழுமாக இரண்டு பெரிய சக்கரங்களைச் சுற்றி ஓடும். அறுந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரில் நிற்பவன் நான். பயப்படுபவரோ அவர்.

சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். நிறுத்துவோம், கழற்றுவோம், பார்ப்போம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒருமுறை கடுப்பாகி, "இன்னாதான் கண்டுபுடிச்ச அண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லடா. இல்லன்னா நல்லதுதானே? மாட்டு" என்றார். வெட்கம் என்பது அந்த மனிதருக்குத் துளியும் கிடையாது.

ஒருசமயம் முதலாளிக்குத் தடித்த பிளேடு மேல் ஆசை வந்தது. கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும் என்று நினைத்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம வீலு சின்னது. தடிப்பா போட்டா சுத்துக்கு சுத்து வளைஞ்சே விரிசல் வுட்டுடும். இதுக்கு மெல்லிசுதான்" என்றார். பிளேடு விற்பவர் சென்னையிலிருந்து வந்த அன்று, கோபித்துக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கெஞ்சினேன். "முன்னால நிக்கிறவன் நீ. அங்க சண்ட போடாம இங்க வந்து என்னைக் கூப்ட்டுக்கினு கீறியே" என்று திட்டினார். திரும்பி வந்து பார்த்தால், விற்பவரே சக்கரத்தை அளந்துவிட்டு மெல்லிய பிளேடைத்தான் எடுத்து வைத்திருந்தார். அப்புறம் ஒரு வாரம் அண்ணன் அந்த ஆளின் புகழையே பாடிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தியதும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். ஓடிய சூட்டில் நீண்டிருக்கும் பிளேடு, ஆறும்போது சுருங்கும். இறுக்கமாகவே விட்டால் அதற்குக் கேடு. நான் தளர்த்திவிட்டுத்தான் வருவேன். ஆனாலும் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். "நாம குந்திக்கினு துன்றோம், அது இழுத்துக்கினு நின்னா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். என்னை நம்பாத ஆளோடு எப்படிச் சாப்பிடுவது?

காளஹஸ்தியில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். அங்கிருந்து முதலாளிக்குப் போன் போட்டார். "மிஷின்கிட்ட எடுத்துக்கினு போங்க, சத்தம் கேக்கணும்" என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனை நீட்டிப் பிடித்தார். பிறகு தன் காதில் வைத்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று கை காட்டினார். கழற்றிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அவரைப் பேசாத பேச்சில்லை. சாயங்காலத்துக்குள் பட்டு வேட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பிளேடில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தேய்த்தார். இரண்டு பல்லுக்கு நடுவே இருந்த குழியில் முடியளவு கோடு ஒன்று மெல்ல ஈரமாகத் தெரிந்தது. விரிசல்.

"போன்ல எப்படிண்ணா கேட்டுச்சு?" என்றேன்.

"மோளச் சத்தத்துல எனக்கு இன்னாடா கேக்கும்? ஒண்ணும் கேக்கல. ஒரே பயமா இருந்திச்சு. அதான் நிறுத்தச் சொன்னேன்."

இதை அவர் வேறு யாரிடமும் மறைக்கவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் அவருக்கு அபூர்வமான காது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. காதாக இருந்தால் அவரோடு போய்விட்டது என்று விட்டுவிடலாமே.

காரியம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய காலையில் என் மனைவி கஸ்தூரி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள். "இனிமே யாரு நிறுத்துவாங்க?" என்று கேட்டாள். புது ஆள் வந்திருக்கிறான் என்றேன். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை பார்த்த பையன், நன்றாகத் தீட்டுகிறான், பெயர் தினேஷ் என்றெல்லாம் சொன்னேன். "நான் அத்த கேக்கல" என்று டப்பாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று முழுவதும் மிஷின் நிற்காமல் ஓடியது. மறுநாளும் அப்படித்தான். தினேஷ் மேல் ஒரு குறையும் இல்லை. நான்தான் ஒவ்வொரு கட்டைக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள், வெளியே டிராக்டர்கள் காத்திருக்க, நல்ல சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த மிஷினை நானே நிறுத்தினேன்.

முதலாளி ஓடி வந்தார். "ஏமய்யா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கழட்டிப் பாக்கணும்."

பார்த்தோம். பிளேடு சுத்தமாக இருந்தது. டிராக்டர்காரர்கள் முணுமுணுத்தார்கள். தினேஷ் முகம் வாடிவிட்டது. அவனிடம் வேலையில் பழுதில்லை என்று சொல்லி மறுபடியும் மாட்டச் சொன்னேன்.

அண்ணனை அறிந்தவர்களே, அவருடைய சாமான்களை அவர் மகள் எடுத்துப் போய்விட்டாள், அது முறைதான். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவருடைய பயம். வீட்டுக்குப் போனதும் கஸ்தூரியிடம், "நான்தான் நிறுத்துவேன்" என்றேன்.