முந்தாநாள் இறந்தவரின் வீடு

எங்கள் குடும்பத்தில் என்னை யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்வதில்லை. சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர், "பாத்து, முந்தாநாள்னு சொல்லிரப் போறா" என்று சிரிப்பார். தம்பி சொல்வான், அவன் பெண்டாட்டி சொல்வாள், நான் தூக்கி வளர்த்த பிள்ளைகளும் சொல்லும். எனக்கு ஒன்பது வயதில் ஏறிய பட்டம் இது. இறங்கவே இல்லை.

அப்போது நாங்கள் லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நிஜாம் காலம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தார். ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, நாச்சாரம் போகிற வழியில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இஞ்சின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். அதை எல்லோரும் சீனி கார்கானா என்பார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் சீனி என்றால் சர்க்கரை. இனிமேல் காப்பிக்குச் சீனிப் பஞ்சமே இருக்காது என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். முதல் வாரம் முடிந்து அப்பா கொண்டுவந்தது மூடியில்லாத ஒரு பழுப்பு ஊறுகாய் ஜாடி. அந்த ஊரில் சீனி என்பது பீங்கானாம். சாக்கடைக் குழாயும் ஊறுகாய் ஜாடியும் சுடுகிற இடமாம். அம்மா அந்த ஜாடியோடு இரண்டு நாள் பேசவில்லை.

சர்க்கரை இல்லாதது பெரிய குறை இல்லை. ரயில்வே வேலை போனதும் ரயில்வே வீடும் போகும் என்பதுதான் குறை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் முப்பது நாள் தாண்டவில்லை. இந்தப் பிள்ளையாவது சொந்த வீட்டில் பிறக்கட்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்காமல் ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

வீடு கிடைத்தது. கார்கானாவுக்குப் பின்புறத்துச் சந்தில், அங்கே சூளை மேஸ்திரியாக இருந்தவர் கட்டிய வீடு. சூளையில் கோணிப்போன குழாய்களையும் வெடித்த ஜாடிகளையும் வீணாக்காமல் கொண்டுவந்து சுவரில் வைத்துக் கட்டியிருந்தார். சுற்றுச்சுவர் முழுக்கக் குழாய்கள்தான், ஒவ்வொரு துளையிலும் ஒரு அணில். வாசலுக்கு முன்னால் முற்றத்தில் ஒரு வேப்பமரம் கூரைக்கு மேலே போயிருந்தது. அதன் அடியில் ஒரு பெரிய ஜாடியின் கழுத்து மட்டும் வளையல் மாட்டிய மாதிரி மரத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. இந்த மரத்தை மறந்துவிட வேண்டாம். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

வீட்டை விற்பவர் மேஸ்திரியின் மனைவி. நாங்கள் பீபி என்று சொல்வோம். அவர் கோஷா. அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார். அப்பா வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவுக்கு வெளியே நிற்பார். அப்பாவுக்கு உருதும் வராது. அதனால் நான்தான் படுதாவுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்து பேசினேன். பள்ளிக்கூடத்தில் உருதுப் பாடத்தில் நான் முதல். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. குல்பர்காவில் மகளோடு போய் இருக்கப்போவதாகப் பீபி சொன்னதும், அப்பா கேட்ட விலைக்குச் சம்மதித்து "ஹவ்" என்றதும் என் வாய்வழியாகத்தான் வந்தன.

உள் அறையில் ஒரு கட்டில் இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. காலடியில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு, எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. ஆணியில் தொப்பி. மேஸ்திரி எங்கோ வெளியே போயிருக்கிறார், வருவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை போனபோது எல்லாம் பேசி முடிந்துவிட்டது. திரும்பும்போது அப்பா, "ஏட்டி, பிள்ளப்பேறுக்கு எந்த ரூம்பு தோதா இருக்கும்னு கேளு. காத்து வரணும்" என்றார். கேட்டேன். பீபி கட்டில் கிடந்த அறையைக் காட்டினார்.

"யஹீச் அச்சா ஹை, பேட்டா. ஹமாரே சாப் பர்ஸோச் இஸீச் கம்ரே மே குஜர் கயே. பஹுத் ஆராம் சே."

இதுதான் நல்ல அறை, எங்கள் வீட்டுக்காரர் பர்ஸோ இந்த அறையில்தான் காலமானார், ரொம்ப நிம்மதியாக. பர்ஸோ என்றால் முந்தாநாள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் படுதாவுக்கு வெளியே வந்து ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. குவார்ட்டர்ஸ் கேட்டில் நின்று, "அம்மட்ட இதச் சொல்லாண்டாம், என்னா?" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். எல்லா மொழியும் தெரிந்தவளுக்கு வாயை மூடத் தெரியவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"முந்தாநாளா?"

"கெடையில கெடந்திருப்பாரு போல. நமக்குத் தெரியல" என்றார் அப்பா.

"செத்த ரூம்பு ஆறு மாசம் அடைப்பு. அதுல போயி நான் பிள்ள பெறணுமா? ரெண்டக் குழிக்குள்ள வச்சது போதாதா ஒங்களுக்கு?" அம்மாவின் குரல் ஏறவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "புருசன் செத்து ரெண்டு நாளுல வீட்ட விக்கிற பொம்பளையும் ஒரு பொம்பளையா? அழுதாளாட்டி?"

"அழல. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க" என்றேன். பார்த்தது பார்த்தபடி.

அதோடு அந்த வீடு எங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. அப்பா அந்த வாரம் முழுக்க வேறு வீடு தேடி அலைந்தார். ஒன்றில் கூரை இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை, ஒன்றில் எட்டு மாதக்காரி என்று கேட்டதுமே கதவு இல்லை. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அம்மா சாமான்களைக் கட்டி அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள். என்னால்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் பொய் சொல்லவில்லையே என்று என் மேலேயே எனக்கு இரக்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "ஏட்டி, கெளம்பு" என்றார்.

"எங்க?" என்றாள் அம்மா.

"துட்டி கேக்க. வீடு வாங்குதோம், வாங்கல. எழவு தெரிஞ்ச பொறவு ஒரு எட்டுப் போயி கேக்காம இருக்கப்படாது. நாளைக்கி அந்தச் சந்து வழியாத்தான் வேலைக்கிப் போவணும்."

 வீட்டை வேண்டாம் என்று சொல்லலாம், துட்டியை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் வழக்கமில்லை.

படுதாவுக்கு வெளியே அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தலையைக் குனிந்து நின்றார். முன்பின் பார்த்திராத மனிதருக்காக அவர் கண் கலங்கியதை அன்று பார்த்தேன். "இப்பிடி ஆயிப்போச்சேன்னு அப்பா வருத்தப்படுதாரு. தாமசமா வந்ததுக்கு மன்னிக்கணும். காரியத்துக்கு எதாவது செய்யணும்னா சொல்லச் சொல்லு" என்றார்.

உள்ளே போய் அப்படியே சொன்னேன். பீபி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. யாருக்காக வருத்தப்படுகிறார் என்று கேட்டார். சாப் இறந்ததற்கு என்றேன்.  பீபி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நக்கோ ரோ, பேட்டா", அழாதே என்று என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முற்றத்து வேப்பமரத்தைக் காட்டினார். சாப் இறந்த நாற்பதாம் நாள் நட்ட கன்று அது. சாப்பின் கடைசிச் சூளையில் அடி வெடித்த ஜாடி ஒன்று இருந்தது. அதைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அதற்குள் கன்றை வைத்தாராம் பீபி. மரம் பருத்து ஜாடியை உடைத்துவிட்டது. கழுத்து மட்டும் கழலவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல், பதினோரு வருஷம் ஆகிறது, துக்கம் கேட்க இப்போது ஒருவர் வந்திருக்கிறார் என்று எனக்கும் சந்தோஷம்தான், என்றார்.

நான் வெளியே வந்து சொன்னேன். அப்பா மரத்தைப் பார்த்தார். அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். கிட்டப் போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பார்த்தார். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன் இருந்தது. "பதினோரு வருசமா!" என்று உரக்கச் சொன்னார். துட்டிக்கு வந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். சாக்குப் படுதாவுக்கு உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

திரும்பும்போது அப்பா நடக்கவில்லை, ஓடினார். நான் பின்னால் ஓடினேன். குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்தே, "ஏளா, மூட்டையத் தூக்கு! அந்த மனுசன் செத்து மரம் மொளச்சு கூரைக்கி மேல போயிட்டு!" என்று கத்தினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து ஒரு பாடு அழுதாள். அன்று அவள் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டதை நான் எண்ணினேன்.

பால் ஊற்ற வந்த பெண்தான் எங்களுக்கு ஊர்ப் பேச்சை விளக்கினாள். இந்த ஊரில் நேற்றுக்கு முன்னால் நடந்தது எல்லாமே பர்ஸோதான். போன வாரமும் பர்ஸோ, தாத்தா கல்யாணமும் பர்ஸோ. பாடப்புத்தகத்தில் இதைப் போடவில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் குடிபோனோம். பீபி கட்டிலை விட்டுவிட்டுப் போனார். செருப்பையும் தொப்பியையும் மட்டும் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அம்மா முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடித்தாள். உள்ளே ஜாடித் துண்டு. ஆணி வளைந்துவிட்டது. அடுத்த ஆணியும் வளைந்தது. கேட்காமல் அடிக்க உரிமை கிடைத்த சுவரில் அந்த வீட்டில் கடைசிவரை ஒரு ஆணியும் இறங்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. தம்பி அந்த நல்ல அறையில் பிறந்தான். முப்பது நாள் தாண்டினான். இன்று எழுபதைத் தாண்டியும் என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறான்.

இத்தனை வருஷமும் நானும் சேர்ந்து சிரித்தவள்தான். ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் வந்த கூத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு தபால்காரர் வந்தார். என் வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கடிதம். ஐயா இல்லையா என்று கேட்டார். "அவுக முந்தாநாள்தான் தவறிட்டாக" என்றேன். அவர் பதறித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். உள்ளே கட்டிலடியில் கிடந்த செருப்பை அன்று காலையில்தான் துடைத்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகிறது.

ஒன்பது வயதில் நான் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.